லேன் கார்டின் பொன் விளிம்பு

பழைய மேசைக் கணினிகளில் தனியாகச் செருகப்பட்டு வந்த லேன் கார்டின், அதாவது கணினியை வலையமைப்புக் கம்பியோடு சேர்க்கும் சிறு பலகையின், அடிவிளிம்பில் வரிசையாக அமைந்துள்ள பட்டைகள் பொன்முலாம் பூசப்பட்டவை. செம்பின் மேல் நிக்கலும், நிக்கலின் மேல் மிக மெல்லிய பொன் படலமும் இட்டால் பட்டைகள் களிம்பேறாமல் நெடுநாள் மின்தொடர்பு தரும் என்பதே அதற்குக் காரணம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில், பழுதுபார்க்கும் கடைகளின் தகரப் பெட்டிகளில் இத்தகைய கார்டு ஒன்று இன்று அகப்படுமானால், அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் நடுவயதினருக்குப் பிரௌசிங் சென்டர்களின் காலம் முழுவதும் நினைவில் எழுகிறது. கைக்குள் அடங்கும் அந்தப் பலகைக்குத் தன் அமைவுகளை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதையும், அவற்றை வேறொருவர் வேறோரிடத்தில் பாதுகாத்தாக வேண்டும் என்பதையும் அந்நகர இளைஞர் பலர் முதன்முதலில் கற்றது அச்சென்டர்களில்தான்.

மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கிய இந்நகரம், கோலார் தங்கவயலின் சுரங்கங்களை நம்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டு எழுப்பப்பட்டது. சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டதும், பெங்களூர் நகரமே அதற்கு 1905 வரை காத்திருந்ததும் இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்திகள். ஆனால் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெருமையைவிட மின்வெட்டே பழக்கமானது. பணிமுடிவுத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு சிலர் எஸ்டிடி பூத்தும், ஜெராக்ஸ் கடையும், சற்றுத் துணிந்தவர்கள் பிரௌசிங் சென்டரும் வைத்தனர்.

அவ்வாறு தொடங்கப்பட்ட ஒரு சென்டரில், பிளைவுட் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட கேபின்கள் இருபுறமும் அமைந்திருக்க, நடுவில் உரிமையாளரின் மேசையும், அதன் அடியில் யுபிஎஸ்ஸும், சுவரில் எட்டு முனை கொண்ட வலையமைப்பு சுவிட்சும் இருந்தன. உரிமையாளரின் தந்தை சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; மாலை நேரங்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சுரங்கத்தில் ஒரு ஷிஃப்டின் பொறுப்பாளர் மேலேறி வந்ததும், கீழே எந்த இடம் தளர்ந்திருக்கிறது, எங்கே வெடி வைத்தாயிற்று, எங்கே வைக்கவில்லை என்பதைத் தம் தலையிலேயே சுமந்துகொண்டு வீடு போய்விட இயலாது. புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அடுத்த ஷிஃப்டில் இறங்குபவர் அதைப் படித்துவிட்டு இறங்க முடியும். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளும் இத்தகைய பதிவுகளைக் கட்டாயமாக்கியிருந்தன. அந்தப் பழக்கத்தில் ஊறிய பெரியவர், மகனிடமும் ஒரு நீள நோட்டை வாங்கிக் கொடுத்து, கணினிகளில் எதைத் திருத்தினாலும் அதில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணினி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆயினும் அச்சென்டரில் வேலை செய்தவர்கள் பெற்ற தொழில்நுட்ப அறிவுரைகளுள் அதற்கு நிகரான ஒன்று இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் கேபின் எண்ணும், அதற்கு நேராக அக்கணினியின் ஐபி முகவரியும் எழுதப்பட்டிருந்தன. ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கணினியை மற்றவை கண்டுபிடிக்க உதவும் எண். அதை ரூட்டரே தானாக வழங்குமாறு விட்டுவிடலாம், அல்லது ஒவ்வொரு கணினிக்கும் கையால் நிலையாகக் குறித்தும் வைக்கலாம். எந்த நேரத்தில் எந்தக் கேபினில் யார் அமர்ந்தார் என்பதற்குப் பதிவேடு வைத்தாக வேண்டிய தொழில் அது என்பதாலும், 2011இல் வந்த சைபர் கஃபே விதிகள் அப்பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கச் சொன்னதாலும், மூன்றாம் கேபினின் முகவரி என்றைக்கும் மூன்றாம் கேபினின் முகவரியாகவே இருக்க வேண்டியிருந்தது.

காற்றுக் காலத்தில் சயனைடு மேடுகளிலிருந்து, அதாவது தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட மண் குன்றுகளிலிருந்து, மாவு போன்ற நுண்தூசி நகரின் மேல் படியும். கணினிப் பெட்டிகளுக்குள்ளும் அது புகுந்துவிடும். லேன் கார்டின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கும். அப்போது பெட்டியைத் திறந்து, கார்டைக் கழற்றி, அதன் பொன் பட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, மீண்டும் செருகுவது அக்காலத்தில் எல்லாக் கடைகளிலும் இருந்த வழக்கம். ரப்பர் அழுக்கோடு சேர்த்துப் பொன்னையும் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும் என்பதால் அது நல்ல முறையன்று. ஆனால் மின்தொடர்புகளைத் துடைப்பதற்கென்று தனியாக விற்கும் திரவத்தை அந்நகரில் அன்று யாரும் கண்டதில்லை.

ஒருமுறை இவ்வாறு துடைக்கப்பட்ட கார்டை, முன்பிருந்த இடம் தளர்ந்துவிட்டது என்று கருதி, அங்கே உதவியாளராக இருந்த பியூசி மாணவர் பக்கத்து ஸ்லாட்டில் செருகினார். விண்டோஸ் எக்ஸ்பி அதைப் புதிய கார்டு என்றே எடுத்துக்கொண்டு, டிரைவரை, அதாவது வன்பொருளை இயக்க முறைமையோடு பேசவைக்கும் நிரலை, மறுபடி நிறுவி, 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் 2' என்ற பெயரில் வெற்று அமைவுகளோடு ஓர் இணைப்பை உருவாக்கியது. நோட்டைப் பார்த்துப் பழைய முகவரியை இட்டபோது, அந்த முகவரி கணினியில் இல்லாத மற்றொரு கார்டுக்கு ஏற்கெனவே தரப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது.

"அண்ணா, இல்லாத கார்டுக்கு எப்படிண்ணா அட்ரஸ் இருக்கும்?" என்று அம்மாணவர் கேட்டதும், "அதுக்குக் கார்டு போனது தெரியும், திரும்பி வந்தது தெரியாது தம்பி" என்று உரிமையாளர் சொன்னதும் அங்கிருந்தவர்களுக்கு மறக்கவில்லை.

அவ்விளக்கம் துல்லியமானதே. தனித்த வரிசை எண்ணைச் சொல்லாத கார்டுகளை விண்டோஸ் அவை செருகப்பட்ட இடத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அந்த அடையாளத்தின் கீழ்தான் முகவரி முதலிய அமைவுகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகத்தில் எழுதப்படுகின்றன. இடம் மாறினால் அடையாளமும் மாறிவிடுகிறது. பழைய அமைவுகள் அழியாமலேயே உரியவரை இழந்து நிற்கின்றன. கட்டளைத் திரையில் ஒரு மாறியை அமைத்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தெரிவு செய்தால், கழற்றப்பட்ட கார்டுகள் எல்லாம் வெளிறிய உருக்களாகத் தெரியும். அவற்றை நீக்கிய பின்னரே முகவரியைச் சிக்கலின்றிப் புதிய இணைப்புக்குத் தர முடியும். தூசிக் காலம் ஒன்று முடிந்ததும் சில கணினிகளில் இத்தகைய வெளிறிய உருக்கள் மூன்று நான்கு கூட இருந்தன.

இதே சென்டரின் மோடத்தில் ஏற்பட்ட சிக்கல் வேறு வகையானது. பிஎஸ்என்எல் 2005இல் டேட்டாஒன் என்ற பெயரில் அகண்ட அலைவரிசைச் சேவையைத் தொடங்கிய பின், தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் வந்தது. அதற்குரிய மோடத்தில் விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்களையும், அதாவது தொலைபேசி நிலையம் வரை செல்லும் மெய்நிகர் தடத்தின் எண்களையும், பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையையும், பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும் இட வேண்டும். அக்கால மோடங்கள் பலவற்றில் 'அப்ளை' என்ற பொத்தானும் 'சேவ்' என்ற பொத்தானும் தனித்தனியாக இருந்தன. முதலாவதை அழுத்தினால் அமைவு அப்போதே செயல்படும், ஆனால் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் இருக்கும். இரண்டாவதை அழுத்தினால்தான் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படும். முதல் பொத்தானை அழுத்தியதுமே இணையம் வந்துவிடுவதால், இரண்டாவதை மறப்பது மிக எளிது. பியூசி தேர்வு முடிவு வெளியான ஒரு நாளில், பதிவெண் எழுதிய துண்டுச் சீட்டுகளோடு மாணவர்களும் பெற்றோர்களும் வாசல் வரை நின்றுகொண்டிருந்தபோது மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் ஓய்ந்து, மீண்டும் வந்தது. மோடத்தின் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன, இணையம் மட்டும் வரவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் மாற்றிய கடவுச்சொல் சேமிக்கப்படாமலே இருந்தது. நோட்டு கையில் இருந்ததால் சில நிமிடங்களில் நிலைமை சரியாயிற்று; ஆனால் அச்சில நிமிடங்களில் அங்கு நின்றிருந்த தாய்மார்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, சேமிப்பது எவ்வளவு பெரிய கடமை என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விரு பொத்தான் முறையை வடிவமைப்பின் குறை என்று மட்டும் கருதிவிடலாகாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பது ஒரு காரணம். தவறான அமைவை இட்டுவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுப்பதன் மூலமே முந்தைய நல்ல நிலைக்குத் திரும்பலாம் என்பது அதைவிட முக்கியமான காரணம். சிஸ்கோ நிறுவனத்தின் ரூட்டர்களில் இப்பிரிவு 'ரன்னிங் கான்ஃபிக்', 'ஸ்டார்ட்டப் கான்ஃபிக்' என்ற இரு பெயர்களால் வெளிப்படையாகவே உள்ளது: முன்னது இப்போது நடப்பிலுள்ள அமைவு, பின்னது அடுத்த தொடக்கத்தில் படிக்கப்படும் அமைவு. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் காலை ரயிலில் இடம்பிடித்து வேலைக்குப் போய்வரத் தொடங்கிய தங்கவயல் இளைஞர்களில் வலையமைப்புப் பணிக்குச் சென்றவர்கள், "ரைட் மெம் அடிச்சியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அந்த ரயிலில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சாயிற்று; நடப்பு அமைவை நிலையான நினைவகத்தில் எழுதும் கட்டளை அது. அவர்களே, தொலைவிலுள்ள ஒரு ரூட்டரில் ஆபத்தான மாற்றம் ஒன்றைச் செய்யும் முன், பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளுமாறு அதற்கு ஆணையிட்டுவிடுவர். மாற்றத்தால் தம் இணைப்பே அறுந்துபோனால், ரூட்டர் மறுதொடக்கமாகிப் பழைய அமைவோடு திரும்பிவரும். எல்லாம் சரியாக இருந்தால் ஆணையை நீக்கிவிட்டுச் சேமித்துக்கொள்ளலாம். மறதியையே பாதுகாப்பாகப் பயன்படுத்தும் இம்முறை, இத்துறையின் மிக அழகிய வழக்கங்களுள் ஒன்று.

பிரௌசிங் சென்டரில் ரப்பரால் கார்டு துடைத்த அந்த மாணவரும் பிற்காலத்தில் பெங்களூரில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார். அங்கே கார்டுகள் நொடிக்குப் பத்து கிகாபிட் வேகத்தில் இயங்கின. அவற்றின் அமைவுகளும் முகவரியோடு நின்றுவிடவில்லை. வந்து சேரும் தரவுப் பொதிகளை இயக்க முறைமை எடுத்துக்கொள்ளும் வரை அடுக்கி வைக்கும் வளைய வரிசையின் நீளம், எத்தனை பொதிகளுக்கு ஒருமுறை செயலியை அழைப்பது, எந்தப் பணியைக் கார்டே செய்துகொள்வது முதலியவற்றை 'ஈத்டூல்' என்ற கருவியால் மாற்றலாம். ஒரு சர்வரில் வரிசையின் நீளம் 512 என்ற இயல்பு மதிப்பிலிருந்து 4096 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. ஓர் இரவில் டிரைவரின் புதிய பதிப்பை ஏற்றுவதற்காகப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினர். கணினி மறுதொடக்கம் செய்யப்படவில்லை. முகவரி உரியபடி திரும்ப வந்தது, இணைப்பும் இருந்தது, எவரும் எதையும் கவனிக்கவில்லை. மறுநாள் பயன்பாடு மிகுந்த நேரத்தில் பொதிகள் தவறத் தொடங்கியபோதுதான், வரிசை மீண்டும் 512க்கே போய்விட்டது தெரியவந்தது. முற்றாக அறுந்த இணைப்பை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். பாதி மறந்துபோன கார்டைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் ஆகலாம்.

இங்கே ரீசெட் என்பதையும் டிரைவர் மறுஏற்றம் என்பதையும் வேறுபடுத்திப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. கார்டிலுள்ள சில்லின் பதிவேடுகள், அதாவது அமைவுகளைத் தாங்கும் அதன் சிறு நினைவிடங்கள், ரீசெட் ஆனதும் தொடக்க மதிப்புகளுக்குத் திரும்பிவிடும். லினக்ஸில் ஒரு கார்டு சில நொடிகள் பொதிகளை அனுப்பாமல் நின்றுவிட்டால், கர்னல் எனப்படும் இயக்க முறைமையின் கரு அதை உணர்ந்து டிரைவருக்குச் சொல்லும். டிரைவர் சில்லை ரீசெட் செய்து, தன்னிடமுள்ள நகலிலிருந்து கார்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியையும், வடிகட்டிகளையும், பொதியின் உச்ச அளவையும், ஏனைய அமைவுகளையும் மறுபடி எழுத வேண்டும். இந்த நிகழ்வின்போது சாதனம் மறைந்து தோன்றுவதில்லை; ஆதலால் சாதனம் புதிதாக வந்தது என்ற செய்தி வெளியிலுள்ள எந்த நிரலுக்கும் போவதில்லை. டிரைவர் ஓர் அமைவை எழுத மறந்தால் அதை நினைவூட்ட ஒருவரும் இல்லை. எனவே ரீசெட்டைக் கடந்து அமைவைக் காப்பது முழுக்க முழுக்க டிரைவரை எழுதியவரின் கடமை. பயனர் கேட்டுப் பெற்ற ஒவ்வோர் அமைவும் சில்லில் மட்டுமல்லாது டிரைவரின் நினைவிலும் இருக்கிறதா என்று அவர் சோதித்தாக வேண்டும்.

மறுஏற்றத்தின்போதோ டிரைவரே போய்விடுகிறது. அதன் நினைவும் கர்னல் அச்சாதனத்துக்காக வைத்திருந்த பதிவும் அதனுடன் அழிகின்றன. புதிதாக வரும் டிரைவரிடம் பழையதைக் கேட்பதில் பயனில்லை. ஆனால் இம்முறை சாதனம் நீங்கியதும் தோன்றியதும் 'யூதேவ்' என்ற நிரலுக்குச் செய்தியாகச் செல்கின்றன; ஆதலால் வட்டிலுள்ள ஒரு கோப்பைப் படித்து அமைவுகளை மறுபடி இடுவது அதனால் இயலும். அந்த சர்வரில் அமைவுக் கட்டளை 'ஆர்சி லோக்கல்' என்ற கோப்பில் எழுதப்பட்டிருந்தது. கணினி தொடங்கும்போது ஒரே ஒருமுறை மட்டும் ஓடும் கோப்பு அது. எழுதி வைத்திருந்தும் பயனில்லாமல் போனதற்கு அதுவே காரணம். பின்னர் அதே மதிப்பை, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 'லிங்க்' கோப்பு ஒன்றில், சாதனம் எப்போது தோன்றினாலும் செயல்படும் வகையில் எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. எதை எழுதுவது என்பதோடு, அதை யார் எந்த நேரத்தில் படிப்பார் என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் ஓர் அமைவு பாதுகாக்கப்பட்டதாகக் கொள்ள முடியும்.

அமைவை எந்த அடையாளத்தோடு கட்டுவது என்ற கேள்வியும் இங்கே திரும்ப வருகிறது. முன்பு லினக்ஸில் ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தன. பழுதான கார்டை எடுத்துவிட்டுப் புதியதை அதே ஸ்லாட்டில் இட்டால், அது ஈத்1 ஆகி, ஈத்0க்கு எழுதிய அமைவுகள் அனைத்தும் ஆளின்றிக் கிடந்தன. 2013இல் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு முதல் கார்டு இருக்கும் இடத்தைக் கொண்டு பெயரிடும் முறை பரவியதும், கார்டை மாற்றினாலும் பெயர் நிலைத்தது. இடத்தை மாற்றினால்தான் பெயர் மாறியது. இரண்டில் ஒன்றே எங்கும் சரி என்று சொல்ல இயலாது. கேபின் எண் முக்கியமான பிரௌசிங் சென்டருக்கும், எந்தத் துளையில் எந்தக் கேபிள் என்று நிர்ணயித்திருக்கும் டேட்டா சென்டருக்கும் இட அடையாளமே பொருந்தும். எங்கே செருகினாலும் தன் அமைவோடு வரவேண்டிய யுஎஸ்பி கருவிக்கு மேக் முகவரி பொருந்தும். இதை முன்னரே முடிவு செய்யாமல் விடுவதாலும் பல அமைவுகள் தொலைகின்றன.

ராபர்ட்சன்பேட்டையில் இன்று அத்தகைய சென்டர்கள் அரிதாகிவிட்டன. வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. தேர்வு முடிவு கைப்பேசியிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டில் பொருத்தப்படும் பெட்டிகள் பலவும் டிஆர்-069 என்ற நெறிமுறையின்படி சேவை நிறுவனத்தின் சர்வரோடு பேசி, ரீசெட் ஆனாலும் இணைப்புக்குரிய அமைவுகளைத் தாமாகவே திரும்பப் பெறக்கூடியவை. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாப் பெட்டிகளிலும் அவ்வசதி இயக்கப்பட்டிருப்பதில்லை; அது இருக்கும் இடத்திலும், பயனர் தாமாக வைத்த வைஃபை பெயரும், கேமராவுக்காகத் திறந்த போர்ட்டும், பிள்ளைகளுக்காக இட்ட நேரக் கட்டுப்பாடும் திரும்ப வரும் என்ற உறுதி இல்லை. இணையம் மெதுவானாலே பெட்டியின் பின்னாலுள்ள துளையில் குண்டூசியை வைத்து அழுத்தும் பழக்கம் வீடுகளில் பரவியுள்ளதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுப்பது வேறு, அத்துளையைப் பத்து நொடி அழுத்துவது வேறு, முன்னது சேமித்ததைத் தொடுவதில்லை, பின்னது சேமித்ததையும் அழித்துவிடும். ஆகவே பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் 'பேக்கப்' என்ற வசதி இருந்தால் அக்கோப்பை இறக்கி வேறொரு கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும், மெய்நிகர் வலைப்பிரிவின் எண்ணான விலேன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். சர்வர்களைப் பராமரிப்பவராயின், அமைவை எழுதிய அன்றே, வேலைப்பளு இல்லாத நேரம் பார்த்து டிரைவரை ஒருமுறை இறக்கி ஏற்றி, எழுதியது எழுதியபடி திரும்பி வருகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.